தேப்புக்காரி பிரேமா

மலையாள நாட்டில், கழக்கூட்டம் என்ற ஊரில், ஒரு பெரிய பிளாட்டின் கேட்டோரம் பதினோரு வருடமாக நானும் என் மனைவி பிரேமாவும் துணி தேய்க்கிறோம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். பிளாட்டில் என்னை "அண்ணாச்சி" என்பார்கள்; அவர்களுக்குத் தமிழன் எவனும் அண்ணாச்சிதான். பிரேமாவுக்கு அதுவும் கிடையாது. சட்டையை நீட்டி "ஏய்" என்பார்கள், அவ்வளவுதான். அது அவள் மனதை எவ்வளவு அறுத்திருக்கிறது என்று மரமண்டை எனக்குப் புரியவில்லை.

போன மாதம் போனைக் கரி மூட்டையில் சாய்த்துவைத்து ஒரு ரீல் எடுத்தாள். கணக்குக்கு வைத்த பெயர் 'தேப்புக்காரி பிரேமா'. தனக்கு வந்த மலையாளத்தில் பேசினாள்: "ஞான் தேப்புக்காரி. பதினோரு வருஷமாயிட்டு தேக்குந்நு. இந்த பிளாட்டில் ஞான் தேக்காத்த ஆளில்ல. ஆருக்கும் ஒரு பராதியும் இல்ல." பராதி என்றால் புகார்.

மூன்றே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஐடி பையன்கள் கசங்காத சட்டையைக் கொண்டுவந்து நீட்டி, "பிரேமச்சேச்சீ" என்று அக்கா முறை சொல்லி செல்பி எடுத்தார்கள். ஒருவன் அழுதேவிட்டான். பிரேமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதிதாக ஜூஸ் கடை போட்ட ஒருவர் திறப்பு விழாவுக்கே அவளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு மூன்றாம் மாடி ரெஷ்மா என்னைத் தனியாக அழைத்தாள்.

"அண்ணாச்சீ, காதலிச்சிட்டு கைவிட்டுப் போறவளயும் இவிடே தேப்புக்காரின்னுதான் பறயும். சேச்சிக்கு அறியில்லே?"

பிளாட்டையே காதலித்துக் கைவிட்டதாக அல்லவா பிரேமா சொல்லிவைத்திருக்கிறாள்! நாலு நாள் அவளிடம் மறைத்தேன். விழாவுக்குப் போகும் ஆட்டோவில்தான் கொட்டினேன்.

"ஏட்டி, கேலி பண்ணத்தான் கூப்பிட்டிருக்கானுவ. வண்டியத் திருப்பச் சொல்லட்டா?"

பட்டுச்சேலை மடிப்பைப் பிடித்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கண் கலங்கியது.

"பேரச் சொல்லிக் கூப்பிடுதாவளேன்னு சந்தோசப்பட்டேன்" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நாலு நாளா."

அதற்கப்புறம் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியையும் திருப்பச் சொல்லவில்லை.

கடை வாசலில் நல்ல கூட்டம். ரிப்பனை வெட்டியதும் மைக்கைக் கொடுத்தார்கள். எவனோ, "சேச்சி எத்தற பேரே தேச்சு?" என்று கத்தினான். சிரிப்பு அடங்கும்வரை பிரேமா நின்றாள்.

"மக்களே, நான் துணிய மட்டுந்தான் தேச்சிருக்கேன். ஆளத் தேய்க்கிறவளா இருந்தா, கலியாணமான மறுவாரமே இந்தா நிக்காரே, இவரத் தேச்சிருப்பேன்!"

கூட்டம் விசிலடித்து அவள் பெயரைக் கத்தியது. அத்தனை போனும் என் பக்கம் திரும்பின. நானும் பலமாகக் கைதட்டினேன். அவள் சொன்னது விளையாட்டுக்கில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.