கூரைக்கு ஒரு வார்த்தை

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டில் பாவாயியின் சாமைக்காட்டு நடுவே ஆஸ்பத்திரியின் முதல் சுவர் முளைத்தது ஒரு மத்தியான வேளையில், டெல்லியில் சுகாதார அமைச்சர் எழுந்து "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று சொல்லி உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம். குறை சொல்ல முடியாத சுவர். வெள்ளையடித்து, இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பட்டை இழுத்து, மேலே ட்யூப்லைட்டும் மாட்டியிருந்தது. ஒயர் கிடையாது, லைட் மட்டும் எரிந்தது. பாவாயி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, யாரைக் கேட்டு எங்காட்டுல நிக்கற என்று சுவரையே பிடித்து வைதாள். அது வாயைத் திறக்காததால் மறுநாள் அதில் ஆணியடித்துக் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். அந்த வாரம் மிளகு விலை இறங்கியிருந்தது, ஊரில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

அந்தக் கோரிக்கையை டெல்லியில் கேள்வியாகக் கேட்டவள் நாகலட்சுமி. மலையடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம், சொந்தக் காட்டில் மரவள்ளி போடுகிற குடும்பம். எதிர்க்கட்சி சார்பில் நின்று, டெபாசிட் தேறுமா என்று சொந்தக் கட்சிக்காரர்களே கிண்டலடித்த தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனவள். ஓட்டுக் கேட்டு மலையேறும்போது ஒரு வளைவில் ஜீப் நின்றிருந்தது, உள்ளே ஒரு பெண் பிரசவ நோவில் துடித்துக்கொண்டிருந்தாள். நாகலட்சுமி பிரச்சார வேனிலிருந்து குதித்து, கட்சிக் கொடியையே திரையாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஏறினாள். பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. மலைமேல் ஆஸ்பத்திரியே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வயிற்றைக் கீறி எடுக்கவேண்டிய பிரசவமென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கித்தான் தீரவேண்டும். பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? வளைவிலேயே பிறந்து, அந்த வளைவின் நம்பரையே பட்டப்பெயராகச் சுமந்து திரிகிற பிள்ளைகள் மலையின் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தப் பெண்ணின் கை தன் கைக்குள் சில்லிட்டுப் போனதை நாகலட்சுமியால் மறக்கவே முடியவில்லை. எடப்புளியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராமல் ஓயமாட்டேன் என்று அன்றைக்கு மனசுக்குள் சொன்னாள். மேடையில் சொல்லவில்லை. மேடையில் சொன்னதை யார் நம்புவார்கள்?

ஆகவே முதல் கேள்விக்கு அமைச்சர் அப்படி மழுப்பியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து கேன்டீனில் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா போன் செய்தாள். ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி, மலைக்குப் போஸ்டிங் வந்த நர்ஸ், வந்த வருஷமே மாறுதல் கேட்டு, கிடைத்த பிறகு போகமாட்டேன் என்று அடம் பிடித்தவள். "மேடம், இங்கன ஒரு சொவரு வந்து நிக்கி. ஆஸ்பத்திரிச் சொவரு மாதிரியே இருக்கு. நீங்க ஏதும் சொன்னியளா?" என்றாள். நாகலட்சுமி ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "நாஞ் சொல்லலீங் கண்ணு, மந்திரி சொன்னாருங்க" என்றாள்.

சூட்சுமம் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. கத்தினால் ஒன்றும் வராது. ஒருமுறை ஆத்திரத்தில் அவையின் நடுவே போய் நின்று கோஷம் போட்டாள், அங்கே எடப்புளியில் ஜன்னல் ஒன்று கழன்று விழுந்து பாவாயியின் சேவலுக்குக் காலில் அடி. அமைச்சர் தன் வாயால் இதமாக ஒரு வார்த்தை சொன்னால்தான் வேலை நடந்தது. "ஆவன செய்யப்படும்" என்றார், ஒரு அறை எழும்பியது. "நிபுணர் குழு அமைக்கப்படும்" என்றார், வெளிநோயாளிகள் உட்கார நீள பெஞ்சு வரிசையாக வந்தது. "உரிய நேரத்தில்" என்றபோது வந்த சுவர்க்கடிகாரத்தில் முள் இல்லை. ஒருநாள் ஏதோ கோபத்தில், "இதெல்லாம் மாநில அரசின் பொறுப்பு" என்று கையை உதறிவிட்டார், கட்டடம் முழுசாக நகர்ந்து பக்கத்துக்காட்டு மாணிக்கத்தின் காப்பிச் செடிகள்மேல் ஏறிக்கொண்டது. மாணிக்கம் வரப்புத் தகராறு என்று நாட்டுக் கூட்டத்தைக் கூட்டிவிட்டான். அதை இழுத்துப் பழைய இடத்தில் வைக்க நாகலட்சுமிக்கு ஒரு கூட்டத்தொடர் முழுக்கத் தேவைப்பட்டது.

அதன்பிறகு அவள் கத்துவதை விட்டாள். கேள்விக்கு முன்னால் "மாண்புமிகு அமைச்சரவர்களின் பெருந்தன்மையை நாடே அறியும்" என்று ஒரு கரண்டி நெய் ஊற்றுவாள். மலைப்பெண்களின் ரத்தசோகையைப் பற்றிக் கேட்டாள், ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜ் வந்தது. பேறுகாலப் பணம் ஏன் பிள்ளை நடக்கப் பழகின பிறகு வருகிறது என்று கேட்டாள், கட்டில்கள் வந்தன, மெத்தையோடு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாதிப்பேர் விமானம் பிடிக்கக் கிளம்பிவிட்ட சபையில், மலைவாழ் தாய்மாருக்கென்று தனிநபர் மசோதா கொண்டுவந்து காலி நாற்காலிகளிடம் பேசினாள். மசோதா தோற்றது. அமைச்சர் பாவம் பார்த்து "உறுப்பினரின் உணர்வைப் பாராட்டுகிறேன்" என்றார், ஆபரேஷன் தியேட்டர் விளக்கு வந்தது. மருத்துவர் நியமனத்துக்கு "முயற்சி எடுக்கப்படும்" என்ற மறுநாளிலிருந்து, சமவெளியில் வேலை பார்த்த அறுவை மருத்துவர் அசோக் எந்த பஸ்ஸில் ஏறினாலும் எடப்புளியில்தான் இறங்கினார். சேலம் பஸ், ஈரோடு பஸ் எல்லாம் ஏறிப் பார்த்தார். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, வாடகைக்கு வீடு பார்த்துக் குடியேறிவிட்டார், இப்போது அன்னாசி போட்டிருக்கிறார்.

கட்சியில் புகைந்தது. எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு மந்திரிக்கு இப்படிச் சாமரம் வீசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தப் பக்கம் தாவப்போகிறாள் என்றார்கள். நாகலட்சுமியின் வீட்டுக்காரர் வெங்கிடுசாமியே, "ஏம்புள்ள, எதுக்கு இத்தனை கும்புடு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். சுவரைப் பற்றிச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, அப்படியே நம்ம போர்வெல்லுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்றார்.

எல்லாம் வந்தது, கூரை மட்டும் வரவில்லை. எந்தப் பக்கம் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அமைச்சரின் வாயிலிருந்து கூரைக்குண்டான வார்த்தை விழவில்லை. வெயில் காலத்தில் பரவாயில்லை, ஐப்பசி மழை பிடித்ததும் தியேட்டருக்குள் தவளை கத்தியது. அந்த நேரம் பார்த்துத்தான் பாவாயியின் மருமகள் மோனிஷாவுக்கு மாசம் நெருங்கியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீறித்தான் எடுக்கணும் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று ஸ்டெல்லா நாள் குறித்து வைத்திருந்தாள். அதற்கு முந்தின இரவு மலை சரிந்து ரோட்டை மூடியது, விடிகாலையில் மோனிஷாவுக்கு நோவு கண்டது.

அன்றைக்குத்தான் டெல்லியில் குலுக்கலில் நாகலட்சுமியின் கேள்வி முதலாவதாக வந்திருந்தது. வாய்மொழியாகவே பதில் சொல்லியாகவேண்டிய நட்சத்திரக் கேள்வி, அதற்குமேல் துணைக்கேள்வியும் கேட்கலாம். அன்றைக்குப் பார்த்துத்தான் கட்சியும், வேறொரு பெரிய விவகாரத்துக்காக, சபை கூடியதும் ஒட்டுமொத்தமாக வெளிநடப்பு என்று முடிவெடுத்திருந்தது. உட்கார்ந்திருப்பவர்கள்மேல் நடவடிக்கை என்று கொறடா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார், இவளிடம் மட்டும் இரண்டு தடவை. சபை வாசலில் நிற்கும்போது ஸ்டெல்லாவின் போன். "டாக்டர் ரெடி மேடம். தார்ப்பாயக் கட்டிப் பாத்தோம், காத்து பிச்சிட்டுப் போவுது. வயித்தத் தொறந்துட்டு மழைல நிக்க முடியுமா? கூரை மட்டும் வந்தா போதும்." பின்னால் மோனிஷாவின் அலறல் கேட்டது. நாகலட்சுமிக்கு அந்த ஜீப் ஞாபகம் வந்தது. போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

சபை கூடியது. எதிர்க்கட்சி வரிசைகள் மொத்தமாக எழுந்து, கோஷம் போட்டு, வெளியேறின. போகிறபோக்கில் கொறடா அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவ்வளவு பெரிய காலியிடத்தில் ஒற்றைப் புடவை. சபாநாயகர் அவள் பெயரைக் கூப்பிட்டார், அமைச்சர் எழுதிவந்த பதிலைப் படித்தார். எதிரே ஆளில்லாத தைரியமோ என்னவோ, மக்கள்தொகை அளவுகோலின்படி அங்கே தேவை எழவில்லை என்று முடித்தார். எடப்புளியில் ஒரு சுவர் கீறல் விட்டது.

துணைக்கேள்விக்கு எழுந்தபோது அவளிடம் நெய் தீர்ந்துவிட்டிருந்தது. மாண்புமிகு என்கிற வார்த்தைகூட நாக்கில் வரவில்லை. "ஏனுங்க ஐயா, ஒரு புள்ள இப்ப நோவெடுத்துக் கெடக்குதுங்க. டாக்டரு இருக்காருங்க, கட்டிலு இருக்குதுங்க, மேல கூரை இல்லீங்க. மழை ஊத்துதுங்க. எனக்கு அரசியலு ஒண்ணும் வேண்டாமுங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்று சொல்லி, அடக்கமாட்டாமல் அழுதுவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னார். அதிகாரிகள் சீட்டு ஒன்றை நீட்டினார்கள். அமைச்சர் அதை வாங்கவில்லை. அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உடனே செய்கிறேன், அம்மா" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நாள் நேரத்தோடு வந்த வார்த்தை அது ஒன்றுதான்.

கூரை வந்த சத்தம் வாசலூர்பட்டி ஏரிவரைக்கும் கேட்டதாகப் படகுக்காரர்கள் சொல்கிறார்கள். காங்கிரீட் கூரை, மழைத்தண்ணீர் வடிய நாலு மூலையிலும் குழாய் வைத்தது. ட்யூப்லைட்டுகள் ஒருமுறை சிமிட்டி நின்று எரிந்தன. அசோக் கையுறையை மாட்டினார், ஸ்டெல்லா தவளைகளைக் கூட்டி வெளியே தள்ளினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கும் சேதமில்லை.

கட்சி அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, ஒரு வருஷத்துக்குப் பேச நேரம் கிடையாது என்று அறிவித்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். பொங்கல் முடிந்து மலையேறினாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது, டோக்கன் தீர்ந்துவிட்டது என்று ஒருவன் இவளையே வரிசையில் நிற்கச் சொன்னான். பாவாயி பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். நன்றி, கும்பிடு, சால்வை ஒன்றும் கிடையாது. "ஏனுங்க அம்மிணி, இத்தனையும் கேட்டு வாங்குனீங்களே, ஒரு கம்பவுண்டுச் செவுரு கேக்கத் தோணலீங்களா? எம்பட எருமை ராவுல வார்டுக்குள்ள போயிப் படுத்துக்குது, அந்த நர்சு புள்ள என்னையப் புடிச்சு வைது" என்று சண்டைக்கு வந்தாள்.

நாகலட்சுமி பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, எத்தனை அடி உசரம் வேணுமுங்க என்று கேட்டாள்.