கழுத்தில் தொங்கிய கட்டை

எங்கள் பள்ளியில் ஒரு மரக்கட்டை உண்டு. உள்ளங்கை அகலம், ஓட்டை போட்டுச் சணல் கோர்த்தது. வளாகத்துக்குள் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு வாயில் வந்தால் அது கழுத்தில் விழும். வீட்டு மொழியான அட்டெசோவில் இன்னொருவர் பேசுவதைப் பிடித்தால் அவர் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மாலை மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி. எங்கள் சொரோட்டி ஊர்ப் பக்கம், இப்போது டீச்சராகிவிட்ட நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

அன்று கட்டை அமோங்கினிடம் இருந்தது. ஆறாம் வகுப்பில் கணக்குக்கு அவள்தான் முதல். அரையா முக்காலா, எது பெரிது என்று கேட்டேன். முழித்தாள்.

நமக்குள் நடப்பது இதுதான். தலைக்குள் நிலக்கடலை அளவில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அடி வரும் என்று பட்டால் மணி அடிப்பான். உடம்பு முழுக்க ஓடத் தயாராகும். நெற்றிக்குப் பின்னால் கணக்கை ஏந்திக்கொண்டிருக்கும் பகுதிதான் அப்போது தடுமாறும். அதன் கை சின்னது, ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் கொள்ளும். அந்தக் கையில் அமோங்கின் பின்னத்தை வைத்திருக்கவில்லை. பின்பெஞ்சில் யாருக்கு வாய் தவறும் என்பதை வைத்திருந்தாள்.

தலைமையாசிரியர் எமோருட்டிடம் போனேன்.

"ஐயா, அந்தக் கட்டை இருக்கிற வரைக்கும் நான் சொல்றது எதுவும் பிள்ளைங்க மண்டையில ஏறாது."

"நமக்கு ஏறலையா மேடம்? நீங்க டீச்சர், நான் ஹெட்மாஸ்டர். கெட்டா போனோம்?"

"கட்டை இல்லாட்டி நீங்க மந்திரியாவே ஆயிருப்பீங்க."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இந்தப் பள்ளித் தவணை முடிஞ்சதும் உங்களை வேலையில வச்சுக்கறதா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். ஞாபகம் இருக்கட்டும்."

வகுப்புக்குத் திரும்பினேன். எல்லார் காதிலும் விழும்படி அமோங்கினிடம் அட்டெசோவில் கேட்டேன்: "கஞ்சி குடிச்சியாம்மா?"

"டீச்சர் மாட்டிக்கிட்டாங்க டோய்!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒக்வி ஆங்கிலத்தில் கத்தினான்.

"சட்டம்னா சட்டம்தானே. மாட்டு" என்று அமோங்கினிடம் குனிந்து கழுத்தை நீட்டினேன். என்னிடமே கிடந்தால் யாருக்கும் அடி இல்லை, காவல்காரனும் தூங்குவான் என்று நினைத்தேன்.

மாலையில் எமோருட் வந்து, பிள்ளைகள் முன்னாலேயே என் கழுத்துக் கட்டையைப் பார்த்தார். பிரம்பை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் மணி அடிக்கறதுக்குள்ள அதை ஒரு பிள்ளை கழுத்துக்கு மாத்துங்க. இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்குங்க."

மறுநாள் மரவள்ளிக்கிழங்கை வெட்டி வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நான்தான் பாதியில் நின்றேன். கத்தி கையில் இருந்தது. எதற்கு வெட்டினேன் என்பது மறந்துவிட்டது. என் காது பின்பெஞ்சில் கிடந்தது. ஒக்வி ஏதோ முணுமுணுத்தான். எந்த மொழி? உற்றுக் கேட்டேன். ஆங்கிலம்தான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாக எனக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை. காவல்காரன் யாரையும் கேட்டுக்கொண்டு மணி அடிப்பதில்லை.

கடைசிப் பாடவேளையில் எமோருட் வாசலில் வந்து நின்றார், பிரம்பு அக்குளில். நான் பாடத்தை விட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன். அமோங்கின் எழுந்தாள். கணீரென்று அட்டெசோவில் சொன்னாள்:

"முக்கால்தான் பெருசு டீச்சர். கால் பங்கு கூட இருக்கு. அந்தக் கட்டையை எங்கிட்டக் குடுத்துடுங்க."

வகுப்பு முழுக்க வாசல் பக்கம் திரும்பியது.

"கேட்டுச்சா மேடம்?" என்றார் எமோருட்.

சணலைத் தலைக்கு மேல் தூக்கினால் போதும். விரல் சணல்வரை போய்விட்டது. அமோங்கின் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பார்வை மட்டும் பிரம்பின் மேல் இருந்தது.

"விடை கேட்டுச்சுய்யா. சரியான விடை."

"எந்த மொழியில?"

"அதைக் கவனிக்கலை. பாடம் நடத்திக்கிட்டிருந்தேன். நீ உட்காரும்மா."

அவர் போகவில்லை. நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த பின்னத்தை எழுதினேன். கை அசையும் போதெல்லாம் கட்டை பலகையில் இடித்தது.