மாத்துத் துணி

"கை வீங்குனா என்ன வேலாயி, காலு நல்லாத்தானே இருக்கு? நடந்து வா."

தலைவர் பெண்டாட்டி அம்மாக்கண்ணு லயத்து வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினாள். டோபி வீட்டுப் படியில் அவள் கால் வைக்கமாட்டாள். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அடுப்படியில் குந்தியிருந்த வேலாயியைப் பார்த்துக் கத்தினாள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன மலையில் குளவி கொட்டி வேலாயியின் இரண்டு கைகளும் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தன.

"எந்திரிச்சா தலை சுத்துதுங்க தலைவரம்மா."

"அப்ப நாளைக்கு யாரு வந்து மாத்து விரிப்பா? மஸ்கெலியாவுல இருந்து எங்க அண்ணன் வீட்டு ஆளுங்கெல்லாம் வாறாங்க. பந்தல் போட்டாச்சு, வீடியோவுக்குச் சொல்லியாச்சு. நீ தலை சுத்துதுங்கிற."

தோட்டத் தலைவர் செல்லசாமியின் ஒரே மகள் தனுஷிகா பெரிய மனுஷியாகி மூலையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அன்று, அவள் உடுத்திக் களைந்த துணியை டோபி வீட்டுப் பெண் வந்து கையால் எடுத்துப் போகவேண்டும். வெளுத்த துணி ஒன்றை மணையில் விரிக்கவேண்டும். அதற்குப் பேர்தான் மாத்து. இந்த இரண்டும் முடியாமல் பெண் மணையில் உட்காரக் கூடாது, வீட்டுக்குள் நுழையக் கூடாது. வேறு யாரும் இந்த இரண்டு துணியில் எதைத் தொட்டாலும் தீட்டு. லிந்துலைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்து மேல் டிவிசனில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. இந்தச் சனியன் மட்டும் போகவில்லை.

"நான் வர்றேன்" என்றாள் வேலாயியின் மகள் நிலக்ஷி.

வேலாயிக்கு நம்பமுடியவில்லை. உயர்தர வகுப்பில் படிக்கிற மகள். துணி மூட்டையைத் தொடமாட்டேன் என்று பத்து வயதிலேயே சண்டை போட்டவள்.

"அப்படிச் சொல்லு" என்றாள் அம்மாக்கண்ணு, முகம் மலர்ந்து. "என்னதான் படிச்சாலும் அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்குத்தான். நேரத்தோட வந்துரு."

குடை மறைந்ததும் வேலாயி மகளைப் பார்த்தாள். "ஏன்டி, அங்க போயி எதையாச்சும் பண்ணி வச்சுறாத. தலைவரு கோவிச்சுக்கிட்டா இந்த லயத்துல நாம இருக்க முடியாது."

"மாத்து விரிக்கத்தானேம்மா போறேன்" என்றாள் நிலக்ஷி.

வேலாயி பயந்ததில் தப்பில்லை. விஷயம் அந்த விளக்கு.

பள்ளிக்கூடத்தில் சுலக்ஷனா டீச்சர் சனிக்கிழமைகளில் மாணவியர் மன்றம் நடத்தினார். ஆளை ஆள் ஒதுக்கிவைப்பது இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம் என்று அங்கேதான் நிலக்ஷி முதல்முதலாகக் கேட்டாள். பொம்பளைப் பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து பேசவேண்டும், ஊருக்கு உழைத்துக் காட்டவேண்டும் என்றார் டீச்சர். பிள்ளைகள் அவளையே மன்றத் தலைவியாக்கினார்கள். தாய்மார் மலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக் காம்பரா இடிந்து கிடந்தது; அதை எல்லாரும் கூடிச் சிரமதானத்தில் சுத்தம் செய்து வாசிகசாலை ஆக்குவோம் என்றவள் அவள். ஆட்டுப் புழுக்கையைக் கூடை கூடையாக அள்ளியவளும், சுண்ணாம்பு அடித்து உள்ளங்கை வெந்தவளும் அவளேதான்.

திறப்பு விழாவில் மன்றத் தலைவி விளக்கேற்றுவாள் என்று டீச்சர் ஒலிபெருக்கியில் சொன்னார். நிலக்ஷி மெழுகுவர்த்தியைத் திரியின் பக்கம் கொண்டுபோன நேரம் செல்லசாமி எழுந்து வந்தார். மெழுகுவர்த்தியின் அடியைப் பிடித்து, அவள் விரல் படாமல் உருவினார்.

"டோபி வீட்டுப் புள்ள ஏத்துன வெளக்குல சாமி நிக்குமா?"

சிரித்துக்கொண்டே சொன்னார். சனமும் சிரித்தது. மெழுகுவர்த்தியைத் தன் மகள் தனுஷிகாவின் கையில் கொடுத்தார். அவளும் மன்றத்துப் பிள்ளைதான், நிலக்ஷியோடு புழுக்கை அள்ளியவள்தான். தலையைக் குனிந்துகொண்டு ஏற்றிவிட்டுப் போனாள். சுலக்ஷனா டீச்சர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "விட்டுரும்மா, தலைவரைப் பகைச்சா பள்ளிக்கூடத்துக்குத்தான் கஷ்டம்" என்றார். அவ்வளவுதான் சமூக நீதி.

நிலக்ஷி விடவில்லை. விளக்கேற்றும் உரிமை அவளுக்கு வேண்டும். செல்லசாமியே தன் கையால் நெருப்பை எடுத்துக் கொடுக்கவேண்டும். எப்போது, எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது அவர் பெண்டாட்டியே குடை பிடித்து வந்து வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் காலை வெள்ளைச் சீருடையில், மன்றத்துப் பட்டியை மார்பில் குத்திக்கொண்டு, வெளுத்த வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்து நிலக்ஷி போனாள். தலைவரின் தனி வீட்டுக்கு முன்னால் பந்தல். குத்துவிளக்கு ஏற்றப்படாமல் மணைக்குப் பக்கத்தில் இருந்தது. ஹட்டனிலிருந்து வந்த வீடியோக்காரர் சீர்த்தட்டுகளைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றி முடித்து, தனுஷிகா நனைந்த தலையோடு, பாவாடைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, குளித்த மறைப்புக்கு வெளியே நின்றாள். காலடியில் களைந்த துணி கிடந்தது. மலைக்காற்றில் பிள்ளைக்குப் பல் அடித்துக்கொண்டது.

"வந்துட்டியா, சட்டுன்னு விரி. நல்ல நேரம் போகுது" என்றாள் அம்மாக்கண்ணு.

நிலக்ஷி அசையவில்லை. "தலைவரே, ஒரு சந்தேகம். டோபி வீட்டுப் புள்ள ஏத்துன வெளக்குல சாமி நிக்காது. அப்ப டோபி வீட்டுப் புள்ள விரிச்ச துணியில ஒங்க மக ஒக்காரலாமா?"

பந்தலில் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"அது வேற, இது வேற" என்றார் செல்லசாமி.

"எனக்கு ஒண்ணுதான். இந்தக் குத்துவெளக்க நான் ஏத்துறேன். ஏத்திட்டு மாத்து விரிக்கிறேன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

செல்லசாமிக்கு முகம் கறுத்தது. "இவ இல்லாட்டி என்ன? யாராச்சும் விரிங்க" என்றார் சுற்றிலும் பார்த்து. மஸ்கெலியா அத்தை சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒதுங்கினாள். "நாங்க எப்படிண்ணே தொடுறது? எங்களுக்குத் தீட்டுல்ல?" இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து போனாள். பெற்ற தாய் அம்மாக்கண்ணுகூட மகளின் துணியைப் பார்த்தாளே தவிர கிட்டே போகவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து கட்டிக் காத்த வழக்கம் அவர்கள் கழுத்தையே பிடித்தது.

அம்மாக்கண்ணுவின் குரல் இறங்கிற்று. "புள்ள குளிர்ல விறைக்குது. நீ நல்லா இருப்பம்மா, விரிம்மா."

அம்மா என்கிறாள். நிலக்ஷிக்கு இனித்தது, பொய் சொல்வானேன். தனுஷிகாவின் உதடு வெளுத்திருந்ததையும் பார்த்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றினாள் அல்லவா, நடுங்கட்டும் என்று நினைத்தாள்.

செல்லசாமி தீப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தார்.

"கையில குடுங்க தலைவரே."

அவர் குனிந்து எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் பட்டது. நிலக்ஷி அவசரப்படாமல் ஒவ்வொரு முகமாக ஏற்றினாள். வீடியோக்காரருக்கு யார் ஏற்றினால் என்ன, கிட்டே வந்து எடுத்தார். "தலைவரே, இப்படித் திரும்பிக் கொஞ்சம் சிரிங்க" என்றும் சொன்னார். பிறகு அவள் வேட்டியை உதறி மணையில் விரித்தாள். சுருக்கம் இல்லாமல் நீவியும் விட்டாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"அந்தப் பழைய துணிய எடுத்துட்டுக் கிளம்பு" என்றார் செல்லசாமி.

"மாத்து விரிக்கிறேன்னு சொன்னேன், விரிச்சுட்டேன். பழைய துணிய எடுப்பேன்னு எப்பச் சொன்னேன்?"

அவர் துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கம்மா இத்தன வருசமா இந்த டிவிசன் பூராவும் அள்ளுனாங்க. ஒங்க வீட்டுல அவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி உள்ள கூப்பிட்டுக் குடுத்திருப்பீங்களா? இது ஒங்க வீட்டுத் துணி. நீங்களே எடுங்க."

"அடியே" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார் செல்லசாமி. அதற்குள் தனுஷிகா குனிந்துவிட்டாள். களைந்த துணியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னோட துணிதானேப்பா. நானே தொவைச்சுக்கிறேன்." பிறகு நிலக்ஷியைப் பார்த்தாள். "அன்னைக்கு நான் ஏத்தியிருக்கக் கூடாதுக்கா."

நிலக்ஷி இதை எதிர்பார்க்கவில்லை.

தனுஷிகா பந்தலுக்கு வெளியே தண்ணீர் கொட்டுகிற பீலியைப் பார்த்து நடந்தாள். ஓங்கிய கை அப்படியே இருக்கச் செல்லசாமி மகளின் தோளைப் பிடிக்க ஓடினார். துணியைப் பார்த்ததும் கை தானாக மடங்கிற்று.

"கீழ போட்டுட்டு வா புள்ள."

"போட்டா யாருப்பா எடுப்பா?"

அவள் ஓர் அடி வைத்தாள். ஈரத் துணி தன் மேல் பட்டுவிடுமோ என்று அவர் பின்னால் நகர்ந்தார். நேற்று அம்மாக்கண்ணு குடையோடு தங்கள் படிக்கு அப்பால் நின்றாளே, அதே தூரத்தில் பெற்ற அப்பன் நிற்பதை நிலக்ஷி கண்குளிரப் பார்த்தாள்.

பீலியடியில் தனுஷிகா குந்திக்கொண்டு சவர்க்காரம் போட்டாள். துவைத்துப் பழக்கமில்லாத கை. நிலக்ஷி பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்குக் குனியவில்லை.

"தடவுனாப் போதாது. அழுத்திக் கசக்கு" என்றாள்.

தனுஷிகா அழுத்திக் கசக்கினாள்.

"ஐயையோ, தலைவர் மக டோபியாயிட்டாளே" என்று பந்தலுக்குள் மஸ்கெலியா அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா அத்தை" என்றாள் தனுஷிகா திரும்பாமலே. "ஒங்க துணி ஏதாச்சும் இருந்தாலும் கொண்டாங்க."

வீடியோக்காரர் தயங்கித் தயங்கித் தலைவர் பக்கத்தில் வந்தார். "தலைவரே, இதையும் எடுக்கவா?"

பந்தலில் நிலக்ஷி ஏற்றிய விளக்கு அத்தனை முகமும் எரிந்துகொண்டிருந்தது. அதில் சாமி நின்றதோ என்னவோ, தலைவர் நின்ற இடத்திலேயே நின்றார்.