ஜமாலியாவில் எனக்கொரு வீடு

உவர்மலையில் குணேஸ்வரி ரீச்சரின் மாடியறை எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். திங்கட்கிழமை நான் வேலைக்குச் சேரவேண்டிய கப்பல் முகவர் அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். வேலை முடிய இரவாகிவிடும், அதற்குப் பிறகு எங்கள் ஊர் கிண்ணியாவுக்கு பஸ் இல்லை என்பதால்தான் இந்த அலைச்சலெல்லாம். பட்டம் எடுத்ததைவிடத் திருகோணமலையில் ஓர் அறை எடுப்பது பெரும்பாடாக இருந்தது. பெரியகடையில் சத்தம் என்றார் வாப்பா. உட்துறைமுக வீதியில் பொழுதுபட்டால் ஆள் நடமாட்டம் இல்லையாம். பாலையூற்று தூரமாம். கேற்றடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஒவ்வொரு வீட்டையும் வேண்டாமென்று தள்ளிவிடுவார். இன்றைக்கு அதிசயமாக உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த ரீச்சர், டவுனில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லையா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத வாப்பா, ஜமாலியாவில் எனக்கே ஒரு வீடு இருப்பதைச் சொல்லிவிட்டார். புது வீடு, மாபிள் பதித்தது, கிணறும் உண்டு என்று விபரம் வேறு. எங்கள் ஆட்களிடம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வீடு ஷிஃபானா என்கிற என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் குடிபோவது கல்யாணத்தோடுதான். மாப்பிள்ளையைத்தான் இன்னும் காணவில்லை.

ரீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கோவிக்காதீங்கோ பிள்ளை. சொந்த வீடு பூட்டிக் கிடக்க, வாடகைக்கு அறை தேடுற ஆளை நான் என்னெண்டு வைச்சிருக்கிறது? என்ன பிரச்சினையோ, ஆருக்குத் தெரியும்?”

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த மனுசி கேட்டதில் பிழையே இல்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மோட்டார் சைக்கிளை ஜமாலியாவுக்கு விடச் சொன்னேன். வீட்டைக் கூட்டித் துடைக்க எப்படியும் போகிறவர்தானே, வாப்பா மறுக்கவில்லை. அவர் வாளி எடுக்கக் கிணற்றடிக்குப் போக, சாவியை வாங்கி நானே கதவைத் திறந்தேன். உள்ளே இன்னும் பெயின்ற் மணம். ஒருவரும் படுக்காத கட்டில், பொலித்தீன் உறை கழற்றாத கதிரைகள். ஒரு கதிரையின் உறையைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். உட்கார்ந்தேன். வாளியோடு வாசலுக்கு வந்த வாப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“அதக் கிழிக்காத மகள். மாப்பிள்ளை வரட்டும்.”

“வரட்டும் வாப்பா. வந்து தட்டினா, நான் கதவத் திறந்து விடுறன்.”

உம்மாவுக்கு என்ன சொல்வது, அக்கம்பக்கம் என்ன கதைக்கும் என்றெல்லாம் கேட்டார். முன்பின் தெரியாத வீட்டு மாடியில் என்னைத் தனிய விடச் சம்மதித்த மனுசன், என் வீட்டில் விட ஏன் யோசிக்கிறார் என்று நானும் கேட்டேன். வாளியை வைத்துவிட்டுப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

அதைக் கிளப்ப அவரால் ஏலாது. அதன் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில்தான், வளையம் என் மடியில். வாப்பா அதைக் கேட்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. பக்கக் கண்ணாடியைச் சேர்ட் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அடுத்த கதிரையின் உறையைக் கிழிக்கத் தொடங்கினேன்.