நல்லாத்தான் இருந்துச்சு

இடது கன்னத்தை முடித்துவிட்டு ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோதுதான் மாமனார் இறந்துபோயிருக்க வேண்டும். அவனுக்கு அப்போது தெரியவில்லை. வலது கன்னத்துக்காக அவர் முகத்தைத் திருப்பினான். வழக்கமாகக் கழுத்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும். "ஸ்டியரிங் டைட்டா இருக்கு மாப்பிள்ளை, பாத்து ஒடிங்க" என்பார். இன்று கழுத்து திருப்பிய பக்கம் திரும்பியது.

"மாமா" என்றான். மேலுதட்டில் தடவியிருந்த நுரையைப் பார்த்தான். மூக்கின் கீழே நுரைக்குமிழிகள் அசையாமல் இருந்தன.

போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. மனைவியைக் கூப்பிட வேண்டும். டாக்டரைக் கூப்பிட வேண்டும். போனைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பாதி முகம் பளிச்சென்றிருந்தது, மறுபாதி வெள்ளை நுரை. ரேசரை எடுத்தான். வலது கன்னம், தாடை, மூக்குக்குக் கீழே உள்ள கஷ்டமான இடம் எல்லாவற்றையும் நிதானமாக மழித்தான். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்தான். காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நுரையையும் எடுத்தான். அந்த நேரத்தில் மனசில் ஏதோ நிறைவாக இருந்தது. அது என்ன என்று அவனுக்கே விளங்கவில்லை.

பிறகுதான் போன் செய்தான்.

"கடையில கூட்டமா இருக்குங்க, என்ன?" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா..."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "வரேன்" என்றாள்.

அவள் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவினாள். வலது கன்னத்தில் கை அப்படியே நின்றது.

"ஷேவ் பண்ணி முடிச்ச பிறகா?"

"நடுவுல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தது. அதற்குள் டாக்டர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவன் இணைய இணைப்பு தரும் ஒரு நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் இருந்தவன். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்றவர்களின் கோபத்தைக் கேட்பது வேலை. ஒருநாள் அழைப்பு வந்தது, பேசவில்லை. அடுத்தது வந்தது, பேசவில்லை. "ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்று யாரோ கத்திக்கொண்டிருக்க, இல்லை என்று சொல்லத்தான் அவனுக்குத் தோன்றியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கூடவே, சாயங்காலம் உட்கார்ந்து அன்றைய நாளை யோசித்து, மனசைக் கொஞ்சமாவது தூக்கிவிட்ட ஒரு விஷயத்தை எழுதச் சொன்னார். "பெருசா எதுவும் வேண்டாம். மூக்கு அரிப்பு நின்னுச்சுன்னாகூட எழுதுங்க."

மனைவி கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். அவன் எழுதினான்: ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. ஒருநாள் மட்டும், மழை, ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். சும்மா இருப்பவன் அவன் ஒருவன்தான். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரும் சொல்லாமலேயே அவன் தலையில் வந்து உட்கார்ந்தது.

மாமனார் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'கிளட்ச் சார்'. பெண் பார்க்கப் போனபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "கார் ஓட்டத் தெரியுமா?" தெரியாது என்றான். அதற்கப்புறம் "வாங்க மாப்பிள்ளை", "உக்காருங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க மாப்பிள்ளை" இவற்றைத் தாண்டி இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு வளர்ந்ததில்லை.

முதல் நாள் குளிப்பாட்டும்போது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு ஊத்துங்க" என்றார் கோணிய வாயால்.

"அந்தப் பக்கம் திரும்பினா சுவரைத்தான் குளிப்பாட்டணும் மாமா."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. புரையேறிவிட்டதோ என்று பயந்து தலையைத் தட்டினான். சிரித்திருக்கிறார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சோப்பு வழுக்கிக் கதவுக்கடியில் போய்விட்டது. அன்று சாயங்காலம்தான் நோட்டில் முழுதாக ஒரு வாக்கியம் எழுதினான்.

அதன்பிறகு விளக்கு போடும் நேரமானால் அவரே கேட்பார், "இன்னைக்கு ஏதாவது தேறிச்சா மாப்பிள்ளை?" தேறாத நாளில் அவரே எடுத்துக் கொடுப்பார். "டீ நல்லா இருந்துச்சுன்னு எழுதிக்குங்க."

"டீ போட்டது நான். நானே எப்படி எழுதறது?"

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன், குடுங்க." இடது கையால் கிறுக்குவார். பேனா தாளைக் கிழிக்கும்.

அப்படிச் சில மாதங்கள் போயின. அவர் மெலிந்துகொண்டே வந்தார். அவன் காலையில் அலாரம் இல்லாமல் எழ ஆரம்பித்தான். இந்த இரண்டும் சேர்ந்தே நடந்ததுதான் இப்போது அவனைக் குடைந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அவன் தோளைத் தொட்டார்கள். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க, என்றார்கள். மாமனாரின் தம்பி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்க மாட்டான். பீ மூத்திரம் அள்ளி... எவ்வளவு கஷ்டம் உங்களுக்கு."

"கஷ்டமெல்லாம் இல்ல சின்ன மாமா" என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். சின்ன மாமனார் கையை விட்டுவிட்டு, பொதுவாக எல்லோரையும் பார்த்து, "பாவம், அவர் மனசே ஒரு நிலையில இல்ல" என்றார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அவனைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

மின் தகன மேடையில் எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாடிவீட்டு அக்கா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "எதையாவது வயித்துல போடுங்க" என்று சொல்லிப் போனாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அவனுக்குக் கை கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்நேரம் கஞ்சி காய்ச்சியிருக்க வேண்டும், படுக்கையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டியிருக்க வேண்டும். அடுக்களைக்குப் போனான், எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பி வந்தான்.

"நடுவுல போயிட்டார்னு சொன்னீங்க" என்றாள் மனைவி. "முகம் முழுக்க ஷேவ் ஆயிருந்துச்சு."

"முடிச்சிட்டுத்தான் போன் பண்ணேன்."

"ஏன்?"

"தெரியல."

"நல்லாத்தான் இருந்துச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே, அது?"

அவன் ஆரஞ்சுப் பையை மேசை ஓரமாக நகர்த்தினான்.

"மூச்சு விட முடியாம கெடந்தாரு. உனக்கு அது நல்லா இருந்துச்சா?" ரொம்பக் கோபம் வந்தால்தான் அவள் 'நீ' என்பாள். கல்யாணமான பிறகு அது மூன்றாவது முறையோ நாலாவது முறையோ.

"அது நல்லா இல்ல. அவரோட இருந்தது நல்லா இருந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்லதான் இருந்துச்சு. அதை எப்படிப் பிரிச்சுச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவர் நோகாம நான் தேறியிருக்க மாட்டேனோன்னு இருக்கு. நாளைக்குப் பழையபடி ஒண்ணுமில்லைன்னு எழுத வேண்டியிருக்குமோன்னும் பயமா இருக்கு. பயப்படற நேரமா இதுன்னும் இருக்கு."

அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "நான் கடைக்குப் போய் யார் யாருக்கோ மாத்திரை எண்ணிக் குடுத்துக்கிட்டிருந்தேன். நீ எங்கப்பாவோட இருந்த." குரல் இறங்கியது. "எனக்கு அழுகை வரல. காலையிலேர்ந்து பாக்கறேன், வரல. பொறாமையாத்தான் இருக்கு. அப்பா செத்த அன்னைக்கு யாராவது பொறாமைப்படுவாங்களா?"

அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அதை வாங்கிக் கொடுத்ததோடு சரி, அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அது அவனுடைய மருந்து என்று விட்டுவிட்டாள். அவன் கொண்டுவந்து நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே படிங்க."

பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் உரிக்கத் தொடங்க, அவன் படித்தான்.

"இன்று மாமா பல்செட்டை என் டீ டம்ளரில் போட்டுவிட்டார். பாதி குடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியும்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இரவெல்லாம் இருமல். விடியும்போது நின்றது. நின்ற பிறகு வீட்டில் இருந்த அமைதி. ஜன்னலில் காக்காய் வந்து மருந்து ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருவரும் விரட்டவில்லை."

"ஸ்பூன் காணோம்னு நான் கடையிலேர்ந்து வேற கொண்டுவந்தேன்" என்றாள். "யாரும் சொல்லல."

அடுத்த பக்கத்தைப் பார்த்துத் தயங்கினான். அவள் விடவில்லை, படித்தான். "மகள் வரும் சத்தம் கேட்டதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவது போல் நடிக்கிறார். முழித்திருந்தால் அவள் உட்கார்ந்து பேசுவாளாம், படுக்க நேரமாகிவிடுமாம். குறட்டை மட்டும் அவருக்குச் சரியாக நடிக்க வரவில்லை."

அவள் கை நின்றது. நோட்டை மூடிவிடலாமா என்று நினைத்தான்.

"தெரியும்" என்றாள். "இமை துடிச்சுக்கிட்டே இருக்கும். நான் நம்பற மாதிரி லைட்டை அணைச்சிட்டு வந்துடுவேன். நான் போன பிறகு என்ன பண்ணுவார்?"

"கண்ணைத் திறந்து, 'போயிட்டாளா?'ன்னு கேப்பார்."

ஒரு சுளையை வாயில் போட்டாள். மென்றாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு படிங்க" என்றாள்.

படித்தான். எழுதியதோடு எழுதாததையும் சொன்னான். அவள் நடுவில் திருத்தினாள், அன்றைக்கு செவ்வாய்க்கிழமை இல்லை, எனக்கு லீவு, நான் வீட்டில்தான் இருந்தேன் என்றாள். அப்படியா என்று பேனாவை எடுத்துத் திருத்திக்கொண்டான். எழுதியிருந்த பக்கங்கள் முடிந்து வெள்ளைத் தாள் வந்தது. அதன் தலையில் இன்றைய தேதியை மட்டும் போட்டுவிட்டு, பேனாவைப் பிடித்தபடி இருந்தான்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. விளக்குப் போட இரண்டு பேரும் எழவில்லை. அவள் கடைசிச் சுளையையும் தின்றாள். வாயில் சேர்ந்திருந்த விதைகளை எங்கே துப்புவது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

அவன் பேனாவை வைத்துவிட்டு, அவள் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினான்.