நல்ல சாவு சாகிற குடும்பம்

அந்தக் குடும்பத்து ஆண்கள் படுக்கையில் கிடந்து சாக மாட்டார்கள் என்று ஒரு பெருமை இருந்தது. அப்பா நாற்பத்து நான்கு வயதில், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், குழாயடியிலேயே சரிந்து போய்ச் சேர்ந்தார். சித்தப்பா முகச்சவரம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, பாதி முகத்தில் நுரையோடு. “ஒரு நாள் ஒருத்தர் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. கொடுத்து வச்சவங்க” என்று அம்மா துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னாள். அதற்கப்புறமும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூத்த மகன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். எண்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து கீழே பார்ப்பதால் வேலையிடத்தில் அவன் பெயர் பருந்து. வயது முப்பத்தெட்டு. வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் அவன் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நாற்பத்தாறுதான் என்று வரும். “ஓட்டப்பந்தயக்காரன் நாடிய்யா” என்று கம்பெனி டாக்டர் முதுகில் தட்டுவார். பருந்து அதை வீட்டில் வந்து நாலு பேரிடம் சொல்வான்.

முதலில் விழுந்தது தங்கை. கணக்கு டீச்சரான அவள், போர்டில் பாதி எழுதிய சமன்பாட்டுக்குக் கீழே சாக்பீஸும் கையுமாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மா அப்பா கதையையும் சித்தப்பா கதையையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் தங்கையின் காறை எலும்புக்குக் கீழே, இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். தையல் ஆறியதும் அவள் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணா, லாமின்னு ஒரு புரதம். அதை உண்டாக்குற ஜீன்ல பிழை இருக்காம். அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு. உனக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு ரத்த டெஸ்ட், அவ்வளவுதான்.”

“பாதிக்குப் பாதின்னா இல்லாமலும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம். பார்த்தா தெரிஞ்சுடும்.”

“இருக்குன்னு வந்தா? கருவி வச்சவனை எவன் கிரேன்ல ஏத்துவான்? கீழ நின்னு கொடி ஆட்டச் சொல்லுவான்.”

“ஆட்டேன். ஆட்டுறதுக்கு உயிரோடயாவது இருப்ப.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “வாயில நல்ல வார்த்தையே வராதாடி? உங்கப்பா ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல. அவருக்கு வியாதின்னு புதுசா பட்டம் கட்ட வந்துட்டா!”

தங்கை டாக்டரின் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பருந்து அதை மடித்து அலமாரியில் போட்டான். விஷயத்தையும் அதோடு கிடப்பில் போட்டான்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணி. கான்கிரீட் நிரம்பிய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிரேனைத் திருப்பிக்கொண்டிருந்தான். திடீரென்று கண் இருட்டியது. மறுபடி தெளிந்தபோது வாக்கி-டாக்கியில் சிக்னல்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்: “பருந்து! லோடு ஆடுது! காதுல விழுதா?” கை விட்டதும் லீவர் நடுவுக்கு வந்து கிரேன் தானாகவே நின்றிருந்தது. பக்கெட் மட்டும் ஊசலாடியது. நேர் கீழே கம்பி கட்டும் ஆட்கள் ஆறு பேர் நாலா பக்கமும் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பக்கெட்டைக் காலி இடத்தில் இறக்கினான். பிறகு ஏணி வழியாக, ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று இறங்கினான். வழக்கமாக ஏழு நிமிஷம். அன்றைக்கு இருபது ஆனது.

“சார், மேல எனக்குக் கண் இருட்டிடுச்சு. வேற ஆளை ஏத்துங்க” என்றான் இன்ஜினியரிடம்.

“காலையில சாப்பிட்டியா இல்லையா? ரெண்டு நாள் லீவு போடு, சரியாயிடும்.”

“எங்கப்பா சாப்பிட்டுட்டுதான் சார் செத்தாரு.”

சாவியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து தங்கைக்குப் போன் செய்தான். தன் உயிரைப் பற்றி அவன் அப்போது நினைக்கவேயில்லை. அந்த ஆறு பேரின் தலைக்கவசங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

பரிசோதனையில் பிழை இருப்பது உறுதியானது. முடிவைக் கேட்கப் போன அன்று அம்மாவும் கூட வந்தாள். டாக்டரம்மா தாளில் ஒரு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமும் வரைந்தார்.

“வெளியில செல். உள்ள இருக்கறது உட்கரு, ஜீன் எல்லாம் இருக்கற இடம். அதோட சுவருக்கு உள்பக்கமா வலை மாதிரி ஒரு அடுக்கு. அதைப் பின்னுறது லாமின். உட்கரு நசுங்காம இருக்கறது அதாலதான். எந்த ஜீன் எப்ப வேலை செய்யணுங்கறதுலயும் அதுக்குக் கை உண்டு. இதயத் தசை ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்குது. வலை பலவீனமா இருந்தா உட்கரு புடைச்சுக்கும், சில சமயம் கிழியும். செல்கள் சாகும், அந்த இடத்துல தழும்பு விழும். துடிக்கச் சொல்ற மின்சாரம் தழும்புல தடுமாறும். முதல்ல நாடி மெதுவாகும்.”

“நாற்பத்தாறு” என்றான் பருந்து.

“ஆமா. அது ஓட்டப்பந்தயக்காரன் நாடி இல்ல.”

பளு தாங்குவதைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலையாட்டினான். அம்மாதான் கேட்டாள்: “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?”

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. “பொழைச்சிருக்கலாம்மா. ஆனா அந்தக் காலத்துல இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க.”

“குழாய் திறந்தே கிடந்துது. தண்ணி வீணாப் போகுதே, மூடத் தெரியாதான்னு அடுப்படியில இருந்து திட்டினேன்” என்றாள் அம்மா.

பருந்துக்கும் கருவி வைத்தார்கள். இப்போது அவன் வேலை தரையில். எந்தப் பளுவை எந்த வழியாகத் தூக்குவது என்று திட்டம் போட்டுத் தருகிறான். முதல் மாதங்களில் மேலே பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. எட்டாவது மாதம், முடிவெட்டக் காத்திருந்தவனைக் கழுதை நெஞ்சில் உதைத்தாற்போல் ஒன்று தூக்கிப் போட்டது. எழுந்து உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டான்.

“எனக்கு வேலை செஞ்சுடுச்சு.”

“அடப்பாவி, முதல்ல வச்சவ நான். இதுலயும் நீதான் முந்தணுமா? அசையாம உட்காரு, வண்டி அனுப்பறேன்” என்றாள் அவள்.

சித்தப்பாவுக்கு இரண்டு மகன்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று அண்ணனும் தங்கையும் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா போனை எடுத்தாள். “டேய், பெரியம்மா பேசறேன். ரத்தம் குடுத்துட்டு வா, அப்புறம் நலம் விசாரிக்கிறேன்.” மூத்தவன் போனான், அவனுக்குப் பிழை இல்லை. இளையவன் இன்னும் சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். அவன் எடுக்காவிட்டால் அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறாள்.