பதினோரு ஆணி

முதல் ஆள் “ஆணி” என்றபோது பூதக்கண்ணாடி அம்மாள் குறித்துக்கொண்டதோடு சரி. நான்காவது ஆளும் “ஆணி” என்றபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பதினோராவது ஆளும் அதையே சொன்னபோது, ‘குட்டு வெளிப்பட்டது’ என்று பேனாவை மூடினாள்.

பால் வெள்ளை என்றாலும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். ஞாபக வகுப்புகளுக்கு நிதி கொடுக்கிற அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர். நூலகத்தின் பின்னறையில் நடக்கும் இந்த வகுப்பு, மறதி தலைகாட்டத் தொடங்கிய பெரியவர்களுக்கானது. அவள் நல்லது என்று எழுதினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டு.

ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஐந்து சொல் சொல்லுவாள்: சாவி, குடை, சிவப்பு, ஏணி, மணி. ஐந்து நிமிடம் வேறு பேசிவிட்டுத் திருப்பிக் கேட்பாள். ஆறு மாதத்துக்கு முன் இதே சொற்களுக்கு ஏறக்குறைய எல்லாரும் இரண்டில், மூன்றில் நின்றார்கள். இன்று எல்லாருக்கும் நாலு. தவறியது எல்லாருக்கும் ஒரே சொல். அவள் ஏணி என்று வாய் நிறையச் சொன்னாள். பதினோரு வாயிலும் அது ஆணியாகத் திரும்பி வந்தது.

வகுப்பை நடத்துகிற பழைய நர்ஸை உள்ளே அழைத்தாள்.

“யாரு சொல்லிக்கொடுத்தது?”

“எதை மேடம்?”

“பதினோரு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி உளர்றாங்களே, அதை.”

“சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சத்தியத்துக்கு என் ஃபாரத்துல கட்டம் கிடையாதும்மா.”

நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் சொல்லிக்கொடுத்திருந்தா ஒழுங்கா ஏணின்னே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேனா?”

அது சுருக்கென்றது. சொற்கள் இருக்கும் தாள் எப்போதும் பூதக்கண்ணாடி அம்மாளின் பையில்தான் பூட்டிக் கிடக்கிறது. அப்படியானால் யார்?

பதினோரு பேரில் ஒருத்தி, கதவோரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா, பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தாள். “அவங்களைத் திட்டாதீங்க. எல்லாம் இந்த ஹாரன் பண்ண வேலை.”

ஹாரன் என்பது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இன்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளி ஒரு காது போய்விட்டதால், ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

“போன தடவை நீங்க கேட்டுட்டுப் போனதும் எங்க யாருக்கும் ஒண்ணும் ஞாபகமில்ல மேடம். இவர் ஒருத்தர்தான் அஞ்சையும் சொன்னார். மார்க் குறைஞ்சா பூட்டிடுவாங்களேன்னு தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் ஒப்பிச்சோம்.”

“தினமுமா? வகுப்பு வாரத்துல ரெண்டு நாள்தானே?”

“மழையிலயும்தான். குடைன்னு ஒரு வார்த்தை இருந்ததால எடுத்துட்டுப் போக மறக்கல.”

வாசலிலிருந்து ஹாரன் முழங்கினார். “ஏன், நான் தப்பாவா சொன்னேன்? சாவி, குடை, சிவப்பு, ஆணி, மணி!”

“ஏணி ஐயா, ஏணி!” என்றாள் நர்ஸ்.

“ஆணி இல்லாம ஏணி எப்படி நிக்கும்?”

பூதக்கண்ணாடி அம்மாள் பழைய தாளை எடுத்துப் புரட்டினாள். டிரைவர் பெயருக்கு நேரே, ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘நாலு. ஏணிக்குப் பதில் ஆணி.’

அப்போதும் நம்பிவிடவில்லை. தெரு முனைக்கு நடந்துபோய், வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம் பஸ் ஸ்டாப் பெஞ்சைக் காட்டி விசாரித்தாள்.

“அந்தக் கூட்டமா? ஏறுவாங்க ஏறுவாங்கன்னு தினமும் நிறுத்துறோம் மேடம். ஒருத்தர் காலைத் தூக்கி வைக்கணுமே! மந்திரம் மாதிரி ஏதோ முணுமுணுத்துட்டு உக்காந்திருக்காங்க.”

திரும்பி வந்தவள் சற்றுமுன் போட்ட மதிப்பெண்ணை எல்லாம் அடித்தாள். புதிதாக ஐந்து சொல் எழுதி, மறுபடி ஒவ்வொருவராகக் கேட்டாள். பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நாலு. ஹாரனுக்கு மட்டும் இரண்டு. ஆகா என்று சொல்வதற்கில்லை, அடடா என்பதற்கும் இல்லை. வந்ததை வந்தபடி எழுதினாள். வார்த்தையை மாற்றாமல் வந்தது தன் பிழை என்பதையும் எழுதினாள்.

ஃபாரத்தில் பதினாலாவது கட்டம் மிச்சம். ‘வகுப்பில்லாத நாளிலும் உறுப்பினர்கள் கூடிப் பயிற்சி செய்கிறார்களா? ஆதாரம்?’ ஒன்பது வருடமாக எல்லா ஊர் வகுப்புக்காரர்களும் ‘ஆமாம் மேடம்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒருவரிடமும் ஆதாரம் இருந்ததில்லை. அவளும் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

இன்று ‘ஆம்’ என்று எழுதினாள். ஆதாரத்துக்கு நேரே, ‘ஆணி, பதினோரு பேர்.’ அதற்குக் கீழே, ‘நிதியை நீட்டிக்கலாம்.’

மேஜைக்கு எதிரே நின்று தலைகீழாகவே வாசித்துவிட்ட நர்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“மேடம்!” வாசலில் ஹாரன் மறித்தார். “இன்னைக்குச் சொன்ன அஞ்சு என்ன? இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.